தன் வாய்ச்சொல் செய்யும் வேலை

குமுளியில் ஆஷா பணியாளராக இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் வாய்ப்புற்றுநோய்ப் படத்தைக் காட்டி, புகையிலையை விடுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறார்கள், நான் படியிறங்குவதற்குள் கடைவாயில் ஒதுக்கிக்கொள்கிறார்கள். பயிற்சியில் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று ஒன்றைச் சொன்னார்கள். அறிவுரையை விட்டுவிட்டுப் பேசினால் மனிதர் மாறிவிடுவாரா?"

மாற வாய்ப்புண்டு. அறிவுரை சொல்லாமல், மாறுவதற்கான காரணங்களை அவர் வாயாலேயே சொல்ல வைக்கும் இந்த உரையாடல் முறையைத் தமிழில் ஊக்கநேர்காணல் எனலாம். அது பலிப்பதற்கான காரணம் மிக அழகானது.

விட முடியாத பழக்கம் உள்ளவருக்கு அதன் கெடுதல் தெரியாமலிருப்பது அரிது. விட வேண்டும் என்ற எண்ணமும் விட முடியாது என்ற எண்ணமும் அவருக்குள் ஒன்றாகவே இருக்கின்றன. நாம் முதல் எண்ணத்தின் சார்பில் வாதாடத் தொடங்கியதும், தன் உரிமை பறிபோவதாக உணர்ந்து அவர் இரண்டாவதன் சார்பில் பேசுகிறார். இந்த எதிர்ப்புணர்வை ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இலேயே விளக்கியிருக்கிறார். இதைவிட முக்கியமானது டேரில் பெம் முன்வைத்த கருத்து: மனிதர் தம் மனநிலையைத் தம் சொல்லையும் செயலையும் பார்த்தும் தெரிந்துகொள்கிறார். அப்படியானால் "வேலை செய்ய இது வேணும் தாயி" என்று ஒருவரை ஐந்து முறை சொல்ல வைக்கும் நம் அறிவுரை, அந்தப் பழக்கத்துக்கு ஐந்து முறை உரம் போடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், நார்வேயில் இளம் உளவியலாளர்களோடு நடத்திய உரையாடல்களிலிருந்து உருவாக்கி 1983இல் வெளியிட்ட முறையே ஊக்கநேர்காணல். பின்னர் ஸ்டீபன் ரால்னிக்குடன் சேர்ந்து 1991இல் நூலாக விரித்தார். குடிநோயாளிகளிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு அதிகமாக எதிர்வாதம் செய்தாரோ அவ்வளவு அதிகமாக ஓராண்டுக்குப் பின் அந்த நோயாளி குடித்திருந்ததை மில்லரும் குழுவினரும் கண்டனர்.

இம்முறையில் நான் மிகவும் விரும்புவது ஓர் எளிய கேள்வியை. "அண்ணே, புகையிலையை விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்க." அவர் நான்கு என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஏன் பத்து இல்லை?" என்று கேட்கத்தான் நமக்கு நாக்கு துடிக்கும். அப்படிக் கேட்டால் விடாமலிருப்பதற்கான காரணங்களை அவர் அடுக்குவார். "ஏன் ஒண்ணு சொல்லாம நாலு சொன்னீங்க?" என்று கேட்க வேண்டும். இப்போது அவர் சொல்லக்கூடிய பதில் பெரும்பாலும் விடுவதற்கான காரணமாகவே இருக்கும்: "வாய் முழுசாத் திறக்க மாட்டேங்குது, பேத்தி கிட்ட வர மாட்டேங்குறா." ஆலோசகர் அதைத் திருத்தாமல், கூட்டாமல், "பேத்தி தள்ளி நிக்கிறது உங்களுக்கு வருத்தமா இருக்கு" என்று எதிரொலித்தால், அவர் அதே திசையில் இன்னும் கொஞ்சம் பேசுவார். எதிரொலிப்பது எளிதாகத் தோன்றினாலும், அறிவுரை சொல்லியே பழகிய நம் நாக்குக்கு அது நீண்ட பயிற்சியாலேயே வரும்.

இந்தப் பேச்சுக்கும் பின்னால் நிகழும் மாற்றத்துக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? பால் அம்ரைன் என்ற மொழி உளவியலாளர், போதைப்பொருள் பழக்கமுள்ள 84 பேரின் ஆலோசனை ஒளிப்பதிவுகளைச் சொல் சொல்லாக ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டார். "விடணும்" என்ற விருப்பம், "முடியும்" என்ற நம்பிக்கை, காரணம், தேவை ஆகியவற்றைச் சொல்லும் பேச்சுகள் நேரடியாக விளைவை முன்னறிவிக்கவில்லை. அவை வலுத்து "விடுறேன்" என்ற உறுதிமொழியைப் பிறப்பித்தன. அந்த உறுதிமொழியே விளைவை முன்னறிவித்தது. அதிலும் எத்தனை முறை சொன்னார் என்பது கணக்கில் வரவில்லை. உரையாடல் நகர நகர அந்தச் சொல்லின் வலிமை ஏறியதா, குறிப்பாக முடிவுக் கட்டத்தில் எப்படி இருந்தது என்பதே முக்கியமாக இருந்தது. தயாராகாதவரிடம் திட்டம் கேட்டு நெருக்கியபோது, ஏறிய வலிமை கடைசியில் சரிந்தது.

நம் ஊர்களில் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்குவது ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு இதில் விடை இருப்பதாக நான் நம்புகிறேன். விருப்பமும் காரணமும் முளைக்கும் முன்பே உறுதிமொழி பிடுங்கப்படுகிறது. மீறினால் தெய்வக்குற்றம் என்ற அச்சம் வேறு சேர்ந்து, தவறியவரை மறைக்கவும் ஒதுங்கவும் வைக்கிறது. இது மனிதரைத் திருத்தும் வழியே அல்ல. ஆனால் சபரிமலைக்கு மாலை போடுவது வேறு. அது பெரும்பாலும் தானே எடுத்த முடிவு. 41 நாள் விரதத்தில் புகையிலையையும் குடியையும் தொடாமல் இருந்தவர்கள் நம் பகுதியில் ஏராளம். மாலையைக் கழற்றியதும் பலர் திரும்பிவிடுகிறார்கள் என்று குறை சொல்வதைவிட, "அந்த ஒரு மண்டலம் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்பது நல்ல ஊக்கநேர்காணல். தன்னால் முடியும் என்பதற்கான சான்றை அவர் தன் வாழ்விலிருந்தே எடுத்துச் சொல்வார்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. ஊக்கநேர்காணல் மட்டும் புகைபிடிப்பதை நிறுத்த உதவுகிறதா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2019 மீளாய்வு கூறியது. நிக்கோட்டின் உடலையே பழக்கிவிடுவதால், பேச்சோடு நிக்கோட்டின் சூயிங்கமோ மருந்தோ மருத்துவர் வழியாகப் பலருக்குத் தேவைப்படும். வாய் திறப்பது குறைந்திருந்தாலோ, வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தாலோ, அவர் விடத் தயாராகும் வரை காத்திராமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

அம்ரைன் ஆராய்ந்தவை ஆங்கில உரையாடல்கள். காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி மலைக்கு வரும் தொழிலாளி, "பார்ப்போம் தாயி" என்று சொல்வது மறுப்பா, மரியாதையா, பாதி உறுதியா என்பதை அம்ரைனின் அளவுகோல் சொல்லாது. தேனியிலும் இடுக்கியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இரு மாநிலங்களும் சேர்ந்து நிதி ஒதுக்கி, சம்மதம் பெற்ற நூறு தமிழ் உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தால், குமுளி வாசகியைப் போன்ற பணியாளர்களுக்கு நம் பேச்சுவழக்கிலேயே ஒரு பயிற்சிக் கையேடு கிடைக்கும். பெரிய கருவி எதுவும் தேவைப்படாத இந்த ஆய்வுக்கு முதலில் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.