பல்லைப் பிடுங்கச் சொல்லும் முன்

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா போன வாரம் வந்தார். வலது கடைவாயில் மூன்று பல்லைக் காணோம். வலி மட்டும் அப்படியே இருக்கிறது. இடது கன்னம் பளிச்சென்று இருக்க, வலது கன்னத்தில் அழுக்குப் படிந்திருந்தது. தண்ணீர் பட்டாலே உயிர் போகிறதாம். மூக்கோரம் விரலை நீட்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எத்தனை பேருக்குத்தான் சொல்வது? சொத்தைப் பல் என்றால் பிடுங்குங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? பல்வலி விண்விண்ணென்று மணிக்கணக்கில் தெறிக்கும். இந்த அம்மாவுக்கு இருப்பது முகத்தில் வரும் நரம்பு வலி, ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. இது கரண்ட் அடித்தாற்போல் சுரீரென்று வெட்டும். சில நொடி, மிஞ்சினால் இரண்டு நிமிடம். பிறகு சுத்தமாக நின்று, பல் துலக்கும்போதோ சோறு மெல்லும்போதோ மறுபடி வெட்டும். பற்களுக்கும் கன்னத்துக்கும் உணர்ச்சி கொடுப்பது ட்ரைஜெமினல் என்ற ஒரே நரம்பு. அதன் வேரை, மூளைத்தண்டின் ஓரத்தில், பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருக்கும். வலி தெரிவது பல்லில், கோளாறு அங்கே. பல்லை எடுத்தால் எப்படிப் போகும்?

பல் டாக்டர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. "பல்லில் ஒன்றுமில்லை" என்று அவர் அனுப்பிவிட்டால், பிடுங்கித் தருகிற இன்னொருவரைத் தேடிப் போகிறோம்.

அடுத்தது குளிர். ஊட்டிக் காற்று வலியைக் கிளப்பும், சரி, நோயைத் தராது. கோயம்புத்தூரில் இருப்பவருக்கும் இது வருகிறது. மஃப்ளர் கட்டுங்கள், தைலம் தேய்க்காதீர்கள். தேய்க்கிற விரலே போதும், வலி கிளம்ப.

சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. கார்பமஸபைன் கேட்கும். "இது வலிப்பு மாத்திரையாச்சே" என்று யாரோ சொன்னதும் நிறுத்திவிடுகிறீர்கள். வலிப்புக்கும் அதுதான், இதற்கும் அதுதான். ஆரம்பத்தில் தலை சுற்றும், தேயிலைச் சரிவில் பார்த்து நடங்கள். உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். மற்றபடி நீங்களாக நிறுத்த வேண்டாம், பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

எம்ஆர்ஐ ஒருமுறை எடுத்தாக வேண்டும். கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான். இளவயதினர், முகம் மரத்துப்போனவர்கள் தவறவே விடாதீர்கள்.

மாத்திரைக்கு அடங்காவிட்டால் ஆபரேஷன்தான்: காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறந்து, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே டெஃப்லான் துண்டு வைப்போம். அது தாங்காத உடம்பென்றால் கன்னம் வழியே ஊசி போட்டு நரம்பை அடக்கலாம்; முகம் கொஞ்சம் மரக்கும், சில வருடத்தில் வலி திரும்பவும் கூடும். அதையும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.