அரை கிலோ சுத்தியலும் மூன்றாவது மாடியும்

மேலிருந்து சாமான் விழுந்து போன வாரம் இன்னொரு விபத்து. ஆறாவது மாடியில் சாரம் பிரிக்கும்போது ஒரு கப்ளர் (சாரக் குழாய்களை இணைக்கும் இரும்புப் பிடி) கை நழுவியது. கீழே மணல் சலித்துக்கொண்டிருந்த சித்தாள் அக்காவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. மேஸ்திரி சொன்ன பதில்: "ஒரு கிலோதான் சார் இருக்கும், சின்ன சாமான்." சைட் பாதுகாப்பு வேலையில் இந்தச் 'சின்ன சாமான்' பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

சாமான் சின்னதுதான். உயரம்? நிலையாற்றல் என்று பள்ளியில் படித்ததுதானே: நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம், மூன்றையும் பெருக்க வேண்டும். உயரம் இரு மடங்கானால் அடியும் இரு மடங்கு.

'சின்ன சாமான்' பேச்சையாவது பொறுத்துக்கொள்ளலாம். "ஹெல்மெட் போட்டிருக்கோமே" என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஐயா, ஹெல்மெட்டை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? இ.என். 397 என்ற ஐரோப்பியத் தரத்தில், 5 கிலோ குண்டை 1 மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் போடுகிறார்கள். மேலே சொன்ன கணக்குப் போட்டால் 49 ஜூல் ஆற்றல். இப்போது கொத்தனாரின் அரை கிலோ சுத்தியலை 10 மீட்டரிலிருந்து, அதாவது ஏறக்குறைய மூன்றாவது மாடியிலிருந்து போடுங்கள். அதே 49 ஜூல். மூன்று கிலோ செங்கல் என்றால் 294 ஜூல், ஆறு மடங்கு. சோதனைக் குண்டின் முனை உருண்டை. செங்கல்லோ மூலை இடிக்கவும் விழலாம். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள். அதை நம்பிச் சாரத்தடியில் நிற்காதீர்கள் என்கிறேன். (அடி வாங்கிய ஹெல்மெட்டை விரிசல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். துடைத்து அடுத்தவர் தலையில் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.)

மேலிருந்து "பார்த்து!" என்று கத்துவதும் பெரிதாக உதவாது. 18 மீட்டரிலிருந்து விழும் பொருள் இரண்டு நொடிக்குள் கீழே வந்துவிடும், மணிக்குச் சுமார் 68 கிலோமீட்டர் வேகத்தில். சத்தம் கேட்டதும் ஆள் என்ன செய்வார்? அண்ணாந்து பார்ப்பார். ஹெல்மெட் இல்லாத முகத்தைக் காட்டுவார்.

அஸ்திவாரப் பள்ளத்தில் கம்பி கட்டுபவர்களையும் மறந்துவிடுகிறோம். உயரத்தைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது, கீழே இருப்பவரின் தலையிலிருந்து அளக்க வேண்டும். பத்தடிப் பள்ளத்தில் இருப்பவருக்குத் தரை ஓரத்துக் கல்லும் மாடியிலிருந்து விழும் கல்தான்.

சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றையும் கயிறு போட்டு இடுப்பிலோ சாரத்திலோ கட்டுங்கள். சாரப் பலகையின் ஓரத்தில் அரையடிக்குக் குறையாமல் தடுப்புப் பலகை அடியுங்கள், வலையும் கட்டுங்கள். பிரித்த கப்ளர்களைச் சாக்கில் போட்டு இறக்குங்கள், வீசாதீர்கள். கீழே கயிறு கட்டி ஆள் வராமல் மறியுங்கள், நேர்கீழே மட்டும் போதாது. குழாயில் பட்டுத் தெறிக்கும் சாமான் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வீடு கட்டும் ஓனர்களே, உங்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். வேலையைப் பார்க்க வரும்போது நிழலாக இருக்கிறதே என்று சாரத்தடியில் நின்று போன் பேசாதீர்கள்.