வாக்களிப்பது முகவரியா, மனிதரா? பிளாக்செயின் ஆளுகையில் ஒரு கவனிப்பு

பிளாக்செயினில் வாக்கெடுப்புகளைத் தானாக நடத்தும் நிரல்களான ஆளுகை ஒப்பந்தங்களைத் தணிக்கை செய்யும்போது, வாக்கை எண்ணும் நிரலைவிட வாக்களிப்பவர் யார் என்ற கேள்விக்கே நான் அதிக நேரம் செலவிடுகிறேன். உறுப்பினர்களின் வாக்கால் பிளாக்செயினில் இயங்கும் டாவோ (DAO) அமைப்புகளில் பெரும்பாலானவை இதற்கு எளிய விடை வைத்திருக்கின்றன: எத்தனை டோக்கனோ (அமைப்பு வெளியிடும் டிஜிட்டல் அலகு) அத்தனை வாக்கு. 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ நிதித் திட்டத்தைத் தாக்கியவர், ஏறத்தாழ 100 கோடி டாலரை ஃபிளாஷ் கடனாக (பிணையின்றி வாங்கி, அதே பரிவர்த்தனைக்குள் திருப்ப வேண்டிய கடன்) பெற்று, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான வாக்குவலிமையைக் கைப்பற்றி, முந்தைய நாளே சமர்ப்பித்திருந்த தம் தீர்மானத்தை நிறைவேற்றி, அதே பரிவர்த்தனைக்குள் கடனையும் அடைத்துவிட்டார். இழப்பு சுமார் 18 கோடி டாலர். வாக்கெடுப்போ விதிப்படிதான் நடந்தது.

பணபலத்தைக் கட்டுப்படுத்த, டோக்கன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தையே வாக்குகளாகக் கொள்ளும் இருபடி வாக்கு முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அடையாளச் சரிபார்ப்பு இல்லாமல் அதைக் கொண்டுவருவது நிலைமையை மோசமாக்கும் என்பது என் கருத்து. ஒரே முகவரியில் (பிளாக்செயின் கணக்கில்) 100 டோக்கன் இருந்தால் அம்முறையில் 10 வாக்குகள். அதையே 100 முகவரிகளில் ஒவ்வொன்றாகப் பிரித்துவைத்தால் 100 வாக்குகள். புதிய முகவரி உருவாக்கச் செலவே கிடையாது. ஒருவரே பலராகத் தோன்றும் இத்தகைய சிபில் தாக்குதலை 2002-இல் ஆராய்ந்த ஜான் டௌசர், நம்பகமான மைய அமைப்பு இல்லாத இடத்தில் அதை முற்றிலும் தடுப்பது நடைமுறையில் இயலாது என்று காட்டினார்.

அந்த மைய அமைப்பு இல்லாமலே மனிதரை அடையாளம் காணும் முயற்சிகள் பல. 2021-இல் தொடங்கிய புரூஃப் ஆஃப் ஹியூமானிட்டி, காணொளி, வைப்புத்தொகை, ஏற்கெனவே பதிவுபெற்ற ஒருவரின் உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்டது. பிரைட்ஐடி மனிதர்களுக்கிடையேயான தொடர்புகளை நம்புகிறது. வேர்ல்டுகாயின் (2024 முதல் ‘வேர்ல்டு’) கருவிழியைப் படம் பிடிக்கிறது. காணொளி கேட்கும் முறையைப் போல, ஒரு வாக்குக்காக முகத்தைப் பொதுவெளியில் நிரந்தரமாக வைக்கச் சொல்வது எனக்கு உவப்பானதல்ல.

ரகசியத்தை வெளியிடாமலே ஒன்றை நிரூபிக்க உதவும், செமஃபோர் போன்ற பூஜ்ய அறிவுச் சான்று நெறிமுறைகள் இங்கே உதவுகின்றன. வாக்காளர் தாம் பட்டியலில் உள்ளவர் என்பதை, எந்த உறுப்பினர் என்று காட்டாமலே நிரூபிக்கிறார். அவருடைய ரகசிய எண்ணும் அந்தத் தேர்தலின் எண்ணும் சேர்ந்து நல்லிஃபையர் என்ற குறியீட்டைத் தருகின்றன. அவரே மறுபடி வாக்களித்தால் அதே குறியீடு வருவதால் ஒப்பந்தம் மறுத்துவிடும், அடுத்த தேர்தலிலோ வேறு குறியீடு வருவதால் இரண்டையும் இணைத்துப் பார்க்க முடியாது.

ஆனால், உண்மையான மனிதரே தம் வாக்கை விற்றால்? எந்தச் சரிபார்ப்பும் அதைக் காணாது. 2019-இல் எத்தீரியம் பிளாக்செயினை நிறுவியவர்களில் ஒருவரான விட்டாலிக் பூட்டரின் முன்வைத்த மாசி (MACI) முறையில், வாக்காளர் வாக்கில் கையொப்பமிடும் தம் டிஜிட்டல் சாவியை ரகசியமாக மாற்றிக்கொண்டு முந்தைய வாக்கைச் செல்லாததாக்க முடியும் என்பதால், விலை கொடுத்தவருக்கு உறுதியான சான்று எதுவும் கிடைக்காது. வாக்குகளைத் திறந்து எண்ணும் ஒருங்கிணைப்பாளர் முடிவைத் திரிக்க முடியாது; யார் எப்படி வாக்களித்தார் என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியும். ஆகவே வாக்குகளைத் திறக்கும் அந்த ஒருங்கிணைப்பாளரின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை வாக்கெடுப்பு அறிவிப்பிலேயே எழுதிவைக்குமாறு ஒவ்வொரு தணிக்கை அறிக்கையிலும் கேட்டுக்கொள்கிறேன்.