மசாஜ் தெரபி படிக்கலாமா?

"அண்ணா, மூணு மாசத்துல சர்டிபிகேட் தர்றாங்களாம், சேரட்டுமா?" மசாஜ் தெரபி படிக்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்தது சம்பளம், அதற்கும் அடுத்தது துபாய். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் இரண்டைப் பாருங்கள்: உங்கள் உடம்பு இந்த வேலையைத் தாங்குமா? தொடக்கூடாத இடத்தில் கையை எடுத்துக்கொள்ளும் துணிவு உங்களுக்கு வருமா? ஆயுர்வேத மையத்தில் தெரபிஸ்டாக இருந்துகொண்டு புதியவர்களுக்குப் பயிற்சியும் தருகிறவன் நான். பாதியில் இந்தத் தொழிலை விட்டுப் போனவர்களில் எனக்குத் தெரிந்த பலரும் உடம்பு ஒத்துழைக்காமல் போனவர்கள்.

முதலில் அடிவாங்குவது கட்டைவிரல். புதிதாக வருகிறவர்கள் எல்லா அழுத்தத்தையும் அதிலேயே கொடுப்பார்கள். மணிக்கட்டை ஒட்டிக் கட்டைவிரல் தொடங்கும் மூட்டு சிறியது; நுனியில் கொடுக்கும் விசை அங்கே பல மடங்காக இறங்கும். கொஞ்ச நாளில் பாட்டில் மூடியைத் திருகினாலே சுள்ளென்று வலிக்கும். 'புதுசுல இப்படித்தான் இருக்கும்' என்று அந்த வலியை விட்டுவிடாதீர்கள்.

ஒரு அப்யங்கம், அதாவது உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துவிடுவது, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை போகும். சூடான எண்ணெயை உடம்பில் பிழிந்து ஊற்றித் தேய்க்கும் பிழிச்சில், மூலிகை மூட்டையைச் சூடாக்கி ஒற்றும் கிழி என்றால் சூடும் ஆவியும் சேரும். ஒரே நாளில் நான்கைந்து பேருக்குச் செய்ய வேண்டி வரும், அத்தனையும் நின்றபடியே. அதனால் மேசை உயரம் முக்கியம். மேசைப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். விரல் முட்டிகள் மேசைப் பரப்பைத் தொட்டால் சரியான உயரம். அதற்கு மேல் இருந்தால் தோளைத் தூக்கித் தூக்கிச் செய்வீர்கள், கீழே இருந்தால் இடுப்பு போய்விடும். ஒரு காலை முன்வைத்து, உடம்பின் எடையைச் சாய்த்து, உள்ளங்கையாலும் முன்கையாலும் அழுத்தப் பழகியவர்கள்தான் நீடிக்கிறார்கள். நல்ல ஆசிரியர் முதல் வாரம் உங்கள் கையைவிட நீங்கள் நிற்கும் விதத்தைத்தான் கவனிப்பார். ஏற்கெனவே முதுகுவலி, மணிக்கட்டு வலி, கையில் எக்ஸிமா போன்ற தோல் பிரச்சினை இருந்தால், ஃபீஸ் கட்டுவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, வேண்டாம் என்று சொல்லத் தெரிவது. ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்தே இருந்த பெரியவர் ஒருவரை, கெண்டைக்கால் வலி என்று அழைத்து வந்தார்கள். "தம்பி, நல்லா அழுத்தித் தேய்ச்சு விடுங்க, ரத்தக்கட்டா இருக்கும்" என்றார் அவர் மனைவி. இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வலது கெண்டை மட்டும் வீங்கி, தோல் மினுமினுத்தது. புறங்கையை வைத்தபோது அந்தக் கால் மட்டும் சுட்டது. எண்ணெயை எடுக்கவே இல்லை. எங்கள் மருத்துவரைக் கூப்பிட்டேன், அவர் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில், காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. அதைத் தேய்த்திருந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. இவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிறோமே என்ற சங்கடம் எனக்கும் இருந்தது. அந்தச் சங்கடத்தைத் தாங்கப் பழகத்தான் வேண்டும். காய்ச்சல், புது எலும்பு முறிவு, சீழ்ப்புண் இருந்தாலும் இதே கதைதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதை யார் கேட்டாலும் செய்யாதீர்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழியலாம்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதையே பாருங்கள். சித்த மருத்துவத்தில் மசாஜுக்குத் தொக்கணம் என்று பெயர்; தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அது ஒன்பது வகை. செய்முறையோடு, யாருக்கு எது கூடாது என்பதையும் மருத்துவர் மேற்பார்வையில் கற்றுத்தரும் இடம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவர்கள், சென்னை அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் அரசு நடத்தும் நர்சிங் தெரபி டிப்ளமாவை முதலில் விசாரியுங்கள். அரசு சித்த மருத்துவமனைகளில் தெரபியூட்டிக் அசிஸ்டென்ட் (சிகிச்சை உதவியாளர்) வேலைக்கு அது உதவும். வீடியோவைக் காட்டிவிட்டுச் சான்றிதழ் தரும் இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஸ்பா என்றாலே முகம் சுளிக்கும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பெண் பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பேச்சு அதிகம். நேர்மையாகச் செய்யும் இந்த வேலையில் தலைகுனிய எதுவும் இல்லை. ஆனால் இடம் பார்த்துச் சேருங்கள். முறையான சிகிச்சை மையத்தில் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம்; மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கும், வருகிறவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். வந்தவர் தவறாகப் பேசினாலோ தொட்டாலோ வேலையை அங்கேயே நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டா என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள். "கஸ்டமரை அனுசரிச்சுப் போகணும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் துபாய். போகலாம், நல்ல சம்பளத்தில் இருப்பவர்களும் உண்டு. ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று முதலில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் சட்டப்படி தப்பு. ஒப்பந்தத்தில் வேலையின் பெயர், சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் எல்லாம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். "இப்போ விசிட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் கிளம்பாதீர்கள், சொந்தக்காரரே சொன்னாலும் சரி.