செல்ஃபியில் தெரியும் மூக்கு

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி அம்மாவோடு வந்தார். உட்கார்ந்ததும் கைபேசியை நீட்டினார். "டாக்டர், இந்த மூக்கைப் பாருங்க. யாரா இருந்தாலும் முதல்ல இதைத்தான் பார்க்கிறாங்க." திரையில் இருந்த முகத்தில் மூக்கு அகலமாகத்தான் இருந்தது. எதிரே நாற்காலியில் இருந்த முகத்தில் அப்படி இல்லை.

நான் பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கை மாற்றிக்கொள்ள வருகிறவர்களில் பலர் இப்போதெல்லாம் தங்கள் மூக்கைத் தொட்டுக் காட்டுவதில்லை, போட்டோவைக் காட்டுகிறார்கள். அந்தப் போட்டோ எப்படி எடுக்கப்பட்டது என்பதுதான் என்னுடைய முதல் கேள்வி.

செல்ஃபி எடுக்கும்போது மூக்கு நுனிக்கும் கேமராவுக்கும் இடையே சில நேரம் 30 செ.மீ. தூரம்தான் இருக்கும். காதுகள் அதற்கும் பத்துப் பன்னிரண்டு செ.மீ. பின்னால் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சின்னதாகவும் விழும் அல்லவா? மூக்கு வீங்கி, காது சுருங்கிவிடுகிறது. ஐந்தடி தள்ளி நின்று எடுத்தால் அந்தப் பன்னிரண்டு செ.மீ. வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்தடியில் எடுத்த படத்தைவிட ஓரடியில் எடுத்த படத்தில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று வந்தது. எதிரில் நின்று பேசுகிற யாரும் நம்மை ஓரடியிலிருந்து பார்ப்பதில்லை.

இன்னொன்று கண்ணாடி. யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. நம் முகத்தை நாம் இடம் வலம் மாறிய நிலையிலேயே பார்த்துப் பழகியிருக்கிறோம். 1977இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெண்களிடம் அவர்களுடைய படத்தையே இரண்டு விதமாகக் காட்டினார்கள். பெரும்பாலும் அவர்களுக்குப் பிடித்தது கண்ணாடியில் தெரிகிற மாதிரியான படம். தோழிகளுக்குப் பிடித்ததோ நேர்ப்படம். பழகிய முகமே பிடிக்கிறது. போட்டோவில் "மூக்கு கோணலா இருக்கு" என்று பதறுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

பார்த்தவுடன் அழகை எடை போடுகிறார்கள் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதும், அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம் என்று 2006இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. ஆனால் அந்த நேரத்தில் மூளை பார்ப்பது முழு முகத்தை. மூக்கைத் தனியாகக் கழற்றி அளந்து பார்ப்பவர் அந்த மூக்குக்குச் சொந்தக்காரர் மட்டும்தான். அப்புறம், பழகப் பழக அந்த முதல் முடிவும் மாறுகிறது. முதல் நாள் சுமாராகத் தெரிந்த ஒருவர் ஆறு மாதத்தில் களையாகத் தெரிவது நம் எல்லோருக்கும் நடந்திருக்கிறது.

என்னிடம் வருகிறவர்களைத் துருவிக் கேட்டால், ஆரம்பம் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும். ஏதோ ஒரு கல்யாணத்தில் சித்தியோ பெரியம்மாவோ சொன்ன "எல்லாம் லட்சணமா இருக்கு, மூக்கு மட்டும் கொஞ்சம்..." என்ற பாதி வாக்கியம். சொன்னவருக்கு மறுநாளே மறந்துபோயிருக்கும். கேட்ட பிள்ளை பத்து வருடம் அதைச் சுமக்கிறது. தயவுசெய்து குழந்தைகளின் முகத்தை அவர்கள் காதுபட விமர்சிக்காதீர்கள்.

அந்த மாணவியை வராந்தாவில் ஐந்தடி தள்ளி நிற்க வைத்து, சற்றே ஜூம் செய்து அவருடைய போனிலேயே ஒரு படம் எடுத்தேன். இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "யோசிச்சுட்டு வர்றேன் டாக்டர்" என்றார். யோசித்த பிறகும் வேண்டும் என்றால் செய்துகொள்வதில் தவறில்லை. ஆனால் மூக்கு ஆபரேஷனில் வீக்கம் முழுசாக வடிய ஒரு வருடம்கூட ஆகலாம் என்று தெரிந்துகொண்டு வரட்டும்.

எனக்குக் கவலை தருகிறவர்கள் வேறு. தினமும் மணிக்கணக்கில் கண்ணாடி பார்ப்பார்கள், முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பார்கள், கல்லூரிக்கோ வேலைக்கோ போவதை நிறுத்துவார்கள். மற்றவர் கண்ணுக்குக் குறை தெரியாது, தெரிந்தாலும் மிகச் சிறியதாக இருக்கும். இதற்கு பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்று பெயர். இது மனநலச் சிக்கல். மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் இதற்குப் பலன் தருகின்றன. கத்தி பெரும்பாலும் தருவதில்லை. ஒன்றைச் சரிசெய்தால் மனம் அடுத்ததற்குத் தாவும்.

வேறு இடங்களில் இரண்டு முறை ஆபரேஷன் செய்துகொண்ட ஓர் இளைஞர், மூன்றாவதற்காக என்னிடம் வந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "மூக்குக்கு வந்தா மனசு டாக்டர்கிட்ட போகச் சொல்றீங்களே, என் பையன் என்ன பைத்தியமா?" என்று அவருடைய அப்பா கோபப்பட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். கிளம்பும்போது, மனநல மருத்துவரின் பெயர் எழுதிய சீட்டை அந்த அப்பாவே கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.