அமெச்சூர் என்ற சொல்லும் தியோபிலோ ஸ்டீவன்சனும்

சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பர், தான் மொழிபெயர்த்த விளையாட்டுக் கட்டுரையைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: 'கியூபாவின் தியோபிலோ ஸ்டீவன்சன் கத்துக்குட்டிக் குத்துச்சண்டையில் மூன்று முறை ஒலிம்பிக் தங்கம் வென்றவர்.' படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. மூலத்தில் 'அமெச்சூர்' என்று இருந்திருக்கும். அந்தச் சொல்லுக்குக் கத்துக்குட்டி என்றும் ஒரு பொருள் உண்டுதான், அதனால் நண்பர் மேல் தப்பில்லை. ஆனால் ஸ்டீவன்சனைப் பற்றிய வாக்கியத்தில் அது வந்து உட்கார்ந்ததை விட்டுவிட முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சொல்லின் வேரில் இருக்கும் பொருளுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரிந்து விளையாட்டு வரலாற்றில் இல்லை.

அமெச்சூர் நமக்குப் புதிய சொல் இல்லை. மாவட்ட அமெச்சூர் கபடிக் கழகம் என்று சுவரொட்டிகளில் பார்க்கிறோம். வானொலிக் கருவி வைத்துப் பொழுதுபோக்காகத் தகவல் பரிமாறுபவர்களை அமெச்சூர் வானொலிக்காரர்கள் என்கிறோம். திரைவிமர்சனத்தில் 'அமெச்சூர்த்தனமான நடிப்பு' என்று எழுதினால் நடிப்பு சரியில்லை என்று அர்த்தம். ஒரே சொல் ஓரிடத்தில் மரியாதையாகவும் இன்னோரிடத்தில் வசவாகவும் நிற்கிறது. இந்தக் குழப்பத்தை நாம் உண்டாக்கவில்லை. சொல் நம்மிடம் வந்தபோதே அதோடு சேர்ந்துதான் வந்தது.

லத்தீனில் 'அமாரே' என்றால் நேசிப்பது. நேசிப்பவன் 'அமாத்தோர்'. அதிலிருந்து பிரெஞ்சு மொழிக்குப் போய், அங்கிருந்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஓவியத்தையோ இசையையோ விரும்பி ரசிப்பவர், விரும்பிச் செய்பவர் என்பதுதான் அப்போது பொருள். காசு வாங்குகிறாரா, திறமை இருக்கிறதா என்ற கேள்விகளெல்லாம் அதில் இல்லவே இல்லை. ஸ்டீவன்சனின் தாய்மொழியான ஸ்பானிய மொழியில் இதற்கு 'அஃபிசியோனாதோ' என்று இன்னொரு சொல்லும் புழங்குகிறது. அதுவும் பற்று, பிரியம் என்ற பொருளிலிருந்து பிறந்ததே. இன்னும் ஒன்று. தியோபிலோ என்ற பெயரே கிரேக்கத்தில் 'கடவுளை நேசிப்பவன்' என்று பொருள்படும். அது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

சரி, நேசத்தைக் குறித்த சொல் எப்படிக் காசைக் குறிக்கும் சொல்லானது? அதற்கு 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அங்கே நிலபுலன் உள்ள கனவான்கள் பொழுதுபோக்காக விளையாடினார்கள். உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் பரிசுப் பணத்துக்காகப் போட்டியிட்டார்கள். படகு வலிப்பவனும் மூட்டை தூக்குபவனும் உடல் வலிமையில் கனவான்களைத் தோற்கடித்துவிடக்கூடும் அல்லவா? அதைத் தடுக்க ஒரு வேலி வேண்டியிருந்தது. ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் 1879இல் வகுத்த விதியில், கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரோ தொழிலாளியோ அமெச்சூர் ஆக முடியாது என்றே எழுதிவைத்தார்கள். விளையாட்டில் ஒரு காசு வாங்காமல் இருந்தாலும், கையால் உழைத்துப் பிழைப்பவன் என்றால் வெளியேதான். நேசத்தின் பெயரால் இப்படி ஒரு கதவடைப்பு. அடுத்த ஆண்டே, 1880இல், இங்கிலாந்தில் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் அமைந்தது. ஒலிம்பிக் இயக்கமும் அமெச்சூர் என்ற கட்டுப்பாட்டோடுதான் வளர்ந்தது. 1912 ஸ்டாக்ஹோமில் இரண்டு தங்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப், அதற்கு முன்பு சில்லறைக் காசுக்கு பேஸ்பால் ஆடினார் என்று கண்டுபிடித்துப் பதக்கங்களைப் பறித்தார்கள். 1982இல், அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகே, பதக்கங்களைத் திருப்பித் தர முடிவெடுத்து, 1983இல் குடும்பத்திடம் அவற்றின் நகல்களைக் கொடுத்தார்கள்.

ஆக, 'நேசிப்பவர்' முதலில் 'காசு வாங்காதவர்' ஆனார். தொழிலாகச் செய்பவரே திறமைசாலி என்ற எண்ணம் பரவியதும், காசு வாங்காத அந்த ஆளே 'அரைகுறை'யாகவும் ஆனார்.

இப்போது ஸ்டீவன்சனுக்கு வருவோம். அவர் 1952 மார்ச் 29 அன்று கியூபாவின் கிழக்கே புவேர்ட்டோ பாத்ரே பகுதியில் பிறந்தார். கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் நிறைந்த ஊர். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கரும்பு வெட்டவும் ஆலை வேலை செய்யவும் கரீபியனின் சின்னச் சின்னத் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கியூபாவுக்குப் பிழைக்கப் போனார்கள். அவருடைய அப்பா செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து வந்தவர். அம்மா கியூபாவில் பிறந்தவர், ஆனால் அவருடைய பெற்றோர் செயின்ட் கிட்ஸ் தீவுக்காரர்கள். ஸ்பானிய மொழி பேசும் நாட்டு வீரருக்கு ஸ்டீவன்சன் என்ற ஆங்கிலப் பெயர் வந்தது இப்படித்தான்.

அப்பாவும் ஆள் வாட்டசாட்டமானவர். உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் அவரைக் குத்துச்சண்டைக்கு இழுத்திருக்கிறார்கள். காசுக்காகச் சில சண்டைகள் போட்டார். இளம் வீரர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் நடந்த ஊழலைக் கண்டு வெறுத்துப்போய் விட்டுவிட்டார். அப்பா தொழில்முறை வளையத்தின் வாசல்வரை போய்த் திரும்பியவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மகன் பிற்பாடு எடுத்த முடிவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

புரட்சிக்கு முன் கியூபா தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் பேர்போன நாடு. கிட் சாக்லேட், கிட் கவிலான் போன்ற உலகச் சாம்பியன்கள் அங்கே உருவானவர்கள். 1960களின் தொடக்கத்தில் ஃபிடல் காஸ்ட்ரோவின் அரசு தொழில்முறை விளையாட்டையே தடை செய்தது. காசுக்காகச் சண்டையிட விரும்பிய ஹோசே நாப்போலஸ், சுகர் ராமோஸ் போன்றவர்கள் மெக்சிகோவுக்குப் போய்விட்டார்கள். நாட்டிலேயே இருந்தவர்களுக்கு அரசுப் பயிற்சி முறைதான் வழி. தலைமைப் பயிற்சியாளர் அல்சிதேஸ் சகார்ராவும், சோவியத்திலிருந்து வந்த ஆந்திரே செர்வோனென்கோவும் ஸ்டீவன்சனை வார்த்தெடுத்தார்கள்.

1971இல் காலி நகரில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் அமெரிக்காவின் டுவேன் பாபிக்கிடம் ஸ்டீவன்சன் தோற்றார். அடுத்த ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் அதே பாபிக் காலிறுதியில் எதிரே வந்தார். தங்கம் பாபிக்குக்கே என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எதிர்பார்த்திருந்தன. ஸ்டீவன்சன் அவசரப்படவில்லை. இடது கையை நீட்டி நீட்டித் தூரத்தை அளந்துகொண்டே இருந்தார். மூன்றாவது சுற்றில் வலது கை இறங்கியது. பாபிக் மூன்று முறை விழுந்தார், நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியின் பீட்டர் ஹூசிங்கும் அந்த வலது கைக்குத் தப்பவில்லை. இறுதிப் போட்டிக்கு வரவேண்டிய ருமேனியாவின் இயோன் அலெக்ஸே கட்டைவிரல் உடைந்து வரமுடியாமல் போனார். அந்த ஒலிம்பிக்கின் மிகச்சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையும் ஸ்டீவன்சனுக்கே கிடைத்தது. அப்போது வயது 20.

அதற்கப்புறம் 1976 மாண்ட்ரியல், 1980 மாஸ்கோ. 81 கிலோவுக்கு மேற்பட்ட ஹெவிவெயிட் பிரிவில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம். அவருக்கு முன் குத்துச்சண்டையில் மூன்று தங்கம் வென்றவர் ஹங்கேரியின் லாஸ்லோ பாப் ஒருவரே. ஆனால் அவர் ஒரே எடைப் பிரிவில் வென்றவர் அல்ல. 1974, 1978, 1986 ஆண்டுகளில் உலக சாம்பியன் பட்டமும் ஸ்டீவன்சனுக்கு வந்தது. மாஸ்கோ அரையிறுதியில் ஹங்கேரியின் இஸ்த்வான் லேவாய் மூன்று சுற்றும் தாக்குப்பிடித்து நின்றதே செய்தியானது. ஒலிம்பிக்கில் ஸ்டீவன்சனுக்கு எதிராகக் கடைசி மணிவரை நின்ற முதல் ஆள் அவர்தான்.

'அமெச்சூர் என்றால் இரண்டாந்தரம்' என்று நினைப்பவர்களுக்கு ஜான் டேட் என்ற ஒரு பெயரே போதும். மாண்ட்ரியல் அரையிறுதியில் அவரை ஸ்டீவன்சன் முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். அந்த டேட் தொழில்முறைக்குப் போய், மூன்றே வருடத்தில், 1979இல், உலக ஹெவிவெயிட் பட்டங்களில் ஒன்றை வென்றார்.

இப்படிப்பட்ட ஆளைத் தேடி தொழில்முறைப் போட்டி ஏற்பாட்டாளர்கள் வராமல் இருப்பார்களா? தொழில்முறைக்கு வந்தால் பத்து லட்சம் டாலர் என்றார்கள். முகமது அலியோடு மோதவைக்கப் பேரம் நடந்தது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் கேட்டபோது ஸ்டீவன்சன் சொன்ன பதில் உலகம் முழுக்கப் பரவியது: என்னை நேசிக்கிற 80 லட்சம் கியூபர்களுக்கு முன்னால் பத்து லட்சம் டாலர் எந்த மூலைக்கு?

பதிலில் அவர் பயன்படுத்திய சொல்லைக் கவனியுங்கள். நேசம். 'அமாரே'.

இதை எழுதும்போதே சிலர் கேட்பது காதில் விழுகிறது. அரசே சோறு போட்டு, தங்குமிடம் கொடுத்து, வருடம் முழுக்கப் பயிற்சி அளித்தால் அவர் எப்படி அமெச்சூர்? நியாயமான கேள்விதான். சோவியத், கிழக்கு ஜெர்மனி, கியூபா வீரர்கள் எல்லோரையும் பற்றி மேற்கு நாடுகள் இதே குறையைச் சொல்லிவந்தன. 'காசு வாங்காதவர்' என்ற நடுவில் வந்த பொருளை வைத்துப் பார்த்தால் ஸ்டீவன்சன் அதில் சுத்தமாகப் பொருந்தமாட்டார். வீடும் காரும் அரசு கொடுத்தது. நாட்டில் தொழில்முறைக்குத் தடை இருந்ததால், அவர் ஒத்துக்கொண்டிருந்தால் ஊரையும் வீட்டாரையும் விட்டுப் போகவேண்டி வந்திருக்கும் என்பதும் உண்மை. ஆனாலும் கதவு திறந்திருந்தபோது போகாமல் இருந்தது அவர் முடிவு. எனக்கு அதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. அந்த நடுப்பொருளையே பிற்பாடு விளையாட்டு உலகமும் கைவிட்டுவிட்டது. சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் தன் பெயரிலிருந்து அமெச்சூர் என்ற சொல்லை எடுத்துவிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தொழில்முறை வீரர்களையும் அனுமதித்தார்கள். 2022இல் கியூபாவே தன் வீரர்களைத் தொழில்முறைச் சண்டைக்கு அனுப்பத் தொடங்கியது. அதைப் பார்க்க ஸ்டீவன்சன் இல்லை. 2012 ஜூன் 11 அன்று மாரடைப்பில் போய்விட்டார், 60 வயதில்.

தமிழில் என்ன சொல்லலாம்? நாடகத்துறையில் ஒரு நல்ல இணை ஏற்கெனவே இருக்கிறது. கம்பெனி நாடகக்காரர்களைத் தொழில்முறைக் குழு என்றும், பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபா போன்றவற்றைப் பயில்முறைக் குழு என்றும் நாடக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வக்கீலும் குமாஸ்தாவும் வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்த்த சபாக்களுக்கு அது பொருந்தும். ஆனால் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவரைப் 'பயில்முறை' என்றால், இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் என்ற வாடை வருகிறது. 'தொழில்முறை சாராத' என்பது பிழையில்லை, ஆனால் ஒருவரை அவர் எதுவாக இல்லை என்பதைக் கொண்டு அடையாளம் காட்டுகிறது.

வேர்ப்பொருளுக்கு நேரான தமிழ்ச்சொல் திருக்குறளிலேயே இருக்கிறது. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்.' 71ஆம் குறள். இதில் வரும் ஆர்வலருக்குப் பரிமேலழகர் தரும் பொருள் அன்புடையார். லத்தீன் 'அமாத்தோர்' அப்படியே தமிழ் பேசினால் ஆர்வலர்தான்! சிக்கல் என்னவென்றால், இன்று அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. சமூக ஆர்வலர் என்றால் போராடுபவர். குத்துச்சண்டை ஆர்வலர் என்றால் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பவர், வளையத்துக்குள் நிற்பவர் அல்ல.

அதனால் நண்பருக்கு நான் எழுதியனுப்பியது 'ஆர்வமுறை' என்ற சொல். தொழில்முறை என்பதற்கு எதிரே ஆர்வமுறை. ஓசையிலும் இணை, குறளின் ஆர்வமும் கெடாமல் இருக்கிறது. ஆர்வமுறைக் குத்துச்சண்டை, ஆர்வமுறை வீரர், ஆர்வமுறை வானொலி. கபடிக் கழகங்களின் பெயரில் அமெச்சூர் பதிவாகியிருந்தால் அது பெயர், அப்படியே விட்டுவிடலாம். 'அமெச்சூர்த்தனம்' என்று திட்ட வேண்டிய இடத்தில் கத்துக்குட்டித்தனம் என்பது கச்சிதமான தமிழ், அங்கே தாராளமாக வரட்டும்.

நண்பர் ஒத்துக்கொண்டார். திருத்திய வரி இது: 'ஹெவிவெயிட் பிரிவில் 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற தியோபிலோ ஸ்டீவன்சன், கடைசிவரை ஆர்வமுறை வீரராகவே இருந்தார்.'