முக்கோணத்துக்குள் நான்கு எழுத்துகள்

வியன்னாவின் கார்ல்ஸ்கிர்ஹே தேவாலயத்தில் பலிபீடத்துக்கு மேலே அண்ணாந்து பார்த்தால், பொற்கதிர்களின் நடுவே ஒரு முக்கோணம் தெரியும். அதற்குள் நான்கு எபிரேய எழுத்துகள். இது 1737இல் கட்டி முடிக்கப்பட்ட கத்தோலிக்கத் தேவாலயம். அங்கே மண்டியிட்டவர்களில் பெரும்பாலோருக்கு எபிரேயம் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

எபிரேயத்தை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். அதன் 22 எழுத்துகளும் மெய்கள். உயிரொலியைப் படிப்பவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். 'க்' என்று மட்டும் எழுதிவிட்டு, அது 'கா'வா 'கூ'வா என்பதை நம்மிடமே விட்டுவிடுவது போல. முக்கோணத்தில் இருப்பவை யோத், ஹே, வாவ், ஹே. இது கடவுளின் பெயர். யூதர்கள் இதை உச்சரிப்பதில்லை. இந்த இடம் வந்தால் 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்' என்று படிப்பார்கள். அதை நினைவூட்டவே, உயிர்க்குறியிட்ட ஏடுகளில் இந்த நான்கு மெய்களுக்கு அதோனாயின் உயிர்க்குறிகளை இட்டார்கள். இரண்டையும் கலந்து படித்ததில் பிறந்ததுதான் 'யெகோவா'. தமிழ் வேதாகமத்தில் இங்கே 'கர்த்தர்' என்று வருவதும் அந்தப் பழைய தயக்கத்தின் தொடர்ச்சியே.

தயக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஓர் எண்ணே சாட்சி. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு: யோத் 10, ஹே 5. அப்படியானால் 15 என்பதை யோத்-ஹே என்று எழுத வேண்டும். அது பெயரின் முதல் பாதி ஆகிவிடுமே! அதனால் 9, 6 ஆகியவற்றுக்கான எழுத்துகளைச் சேர்த்து எழுதுகிறார்கள்.

வாய் சொல்லாத பெயரைக் கண் பார்க்கும்படி தேவாலயம் உயரத்தில் வைத்தது. மூன்று பக்கங்கள் திரித்துவம், அதாவது தந்தை, மகன், தூய ஆவி என மூவராக இருக்கும் ஒரே கடவுள்; கதிர்கள் ஒளி. உருவமற்றவரைக் குறிக்க, தாடி வைத்த முதியவரை வரைவதைவிட இது பொருத்தமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் எபிரேயம் தெரியாத கைவினைஞருக்கு எழுத்தும் ஒரு படம்தான். ஹேயின் கூரையும் வலக்காலும் ஒட்டியிருக்கும். இடக்கால் கூரையைத் தொடாமல் நிற்கும். அந்தச் சிறு இடைவெளியில் கொஞ்சம் சாந்து அடைந்தாலும் அது 'கேத்' என்ற வேறு எழுத்து. ஒலி மாறும், மதிப்பு 8 ஆகும், பெயர் பெயராக இருக்காது. கீழே நிற்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

ரோமில் உள்ள சான் கிரெகோரியோ தெல்லா திவீனா பியெத்தா தேவாலயத்தின் முகப்பில் நிலைமை நேர்மாறானது. அங்கே எபிரேயம் படிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது. 1555இல் போப் நான்காம் பவுல் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவின் ஓரத்தில் நிற்கிறது அந்தத் தேவாலயம். வாசலுக்கு மேல் ஏசாயா 65:2, எபிரேயத்திலும் லத்தீனிலும்: முரட்டாட்டமான ஜனத்தை நோக்கி நாள் முழுவதும் கைகளை நீட்டினேன் என்று கடவுள் வருந்தும் வசனம். மதம் மாறச் சொல்லும் பிரசங்கங்களைக் கட்டாயமாகக் கேட்க வைக்கப்பட்ட மக்களுக்கு, அவர்களுடைய தீர்க்கதரிசியின் சொல்லையே, அவர்களுடைய எழுத்திலேயே நீட்டியிருக்கிறார்கள். அவர்களால் அதைத் தடுமாறாமல் படிக்க முடிந்தது.